தமிழ் வகுப்பின் வாசலோடு நின்றுவிடும் உதவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்கநிலை 4இல் பயிலும் என் பேரனைப் பற்றிப் பேசுவதற்காக, சென்ற மாதம் என் மகளுடன் நானும் அவனது பள்ளிக்குப் போயிருந்தேன். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை ஒலிகளோடு இணைத்து வாசிப்பதிலும் எழுதுவதிலும் இடர்ப்பாடு, இருப்பது தொடக்கநிலை 2இன் இறுதியில் தெரியவந்தது. கவனத்தை நெடுநேரம் ஓரிடத்தில் நிறுத்துவதும் அவனுக்குக் கடினம். கூட்டத்தில் இருந்தவர்கள் அனைவரும் அன்பாகவும் பொறுமையாகவும் பேசினார்கள். ஆங்கிலத்தில் அவன் முன்னேறியிருப்பதை அவனுடைய பயிற்சி ஏடுகளைத் திறந்துகாட்டியே விளக்கினார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாமே, பையனுக்கு ஒரு பாடம் குறையும் என்று ஒருவர் சொன்னார். என் மகளின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. 29 ஆண்டுகள் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அன்று சொல்லாமல் வந்ததைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் சிங்கப்பூரில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யப்படவில்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோது அதற்கு வெளியே வைக்கப்பட்டிருந்த, மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், 2019 முதல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகள் வழக்கமான பாடத்திட்டத்தையே தங்களுக்கு ஏற்ற சூழலில் படிப்பதற்கென 2004இல் பாத்லைட் பள்ளி தொடங்கப்பட்டது. இருப்பினும் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நம் பிள்ளைகள் போகும் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்கள் 2005 முதல் படிப்படியாக நியமிக்கப்பட்டு, இன்று எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் இருக்கிறார்கள். வாசிப்பில் இடர்ப்படும் தொடக்கநிலை 3, 4 மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து ஒலியிலிருந்து எழுத்துக்கு அழைத்துச் செல்லும் ஈராண்டுத் திட்டமும் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடைபெறுகிறது. என் பேரன் அதில் சேர்ந்த பிறகுதான் பேருந்தில் போகும்போது விளம்பரப் பலகைகளைத் தானாகவே வாசிக்கத் தொடங்கினான். அந்த ஆசிரியைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவன் வாசித்த பலகைகள் எல்லாம் ஆங்கிலப் பலகைகள். அந்தத் திட்டம் ஆங்கிலத்துக்கானது. அவனுக்கு உதவும் அலுவலருக்குத் தமிழ் தெரியாது. அது அவருடைய குற்றமும் ஆகாது. இதன் விளைவு என்னவென்றால், பள்ளி அவனுக்குத் தரும் உதவி தமிழ் வகுப்பின் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

வாசல் என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் பல பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையை விட்டு எழுந்து, புத்தகத்தையும் எழுதுகோல் பெட்டியையும் அள்ளிக்கொண்டு, வேறொரு தளத்திலோ வேறொரு கட்டடத்திலோ இருக்கும் தமிழ் வகுப்பறைக்கு நடந்துபோகிறார்கள். நான்கைந்து வகுப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே ஒன்றுகூடுவார்கள். நாற்காலிகள் இழுபடும், ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுவார், கதவு இரண்டு முறை அறையப்படும். சாதாரணப் பிள்ளைக்கு இது ஒரு சின்ன இடைவேளை, மகிழ்ச்சிகூட. இடமாற்றமும் சத்தமும் தாங்காத பிள்ளைக்கு இதுவே அன்றைய நாளின் மிகக் கடினமான பத்து நிமிடமாக அமைந்துவிடுகிறது. அவனுடைய மேசையின் மூலையில் ஒட்டியிருந்த படக் கால அட்டவணையும், நேரத்தைக் காட்டும் மணற்கடிகையும், பலகைக்கு அருகே ஒதுக்கப்பட்ட இருக்கையும், சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோனும் பழைய வகுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. அவனைப் பற்றி எதுவும் அறியாத ஓர் ஆசிரியர் முன்னால், எந்தத் துணையும் இல்லாமல், அவன் உட்காருகிறான். அப்போது அவன் அமைதியிழந்தால், ‘தமிழ்தான் இவனுக்கு ஒத்துவரவில்லை’ என்ற முடிவுக்கு நாம் வந்துவிடுகிறோம்.

நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மதியிறுக்கம் உள்ள ஒரு சிறுமி இருந்தாள். ஒவ்வொரு நாளும் எல்லாரும் உள்ளே வந்து அமர்ந்த பிறகும் அவள் மட்டும் கதவருகே ஐந்து நிமிடமாவது நின்றுகொண்டிருப்பாள். அழைத்தால் வர மாட்டாள். கையைப் பிடித்தால் உடல் விறைத்துவிடும். பிடிவாதம் என்றே நான் நினைத்தேன். ஒருநாள் பள்ளியின் சிறப்புத் தேவை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, ‘உள்ளே வந்தால் எங்கே உட்கார வேண்டும், முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை’ என்றார். அன்று மாலையே உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் அவள் நாற்காலியின் படத்தை வரைந்து, கீழே ‘நோட்டை எடு, தேதி எழுது’ என்று எழுதிக் கதவில் அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினேன். மறுநாள் அவள் அட்டையைப் பார்த்தாள், உள்ளே வந்தாள், அமர்ந்தாள், தேதி எழுதினாள். என் 29 ஆண்டுப் பணியில் இவ்வளவு குறைந்த செலவில் கிடைத்த வெற்றி வேறில்லை. நான் விடுப்பில் இருந்த நாள்களில் எனக்குப் பதிலாக வந்தவர்கள் கதவைத் திறந்து சுவரோடு சாத்திவைத்துவிடுவார்கள்; அட்டை மறைந்துவிடும்; அவள் மீண்டும் வாசலில் நிற்பாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அட்டையைக் கதவிலிருந்து எடுத்து நிலைக்கட்டையில் ஒட்டிவிட்டேன்.

வெற்றியைச் சொன்னவன் தோல்வியையும் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 1988 என்று நினைவு, ஒரு மாணவன் வாரந்தோறும் சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்குவான். ஒரு பாடலை இருமுறை கேட்டால் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவன். கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குபவன். ‘வாய் மட்டும் இருக்கிறது, எழுதச் சோம்பல்’ என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொன்னேன். தவறாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை திருத்தம் எழுதச் செய்தேன். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவன் ஒவ்வொரு சொல்லையும் இருபது முறையும் ஒரே பிழையோடு எழுதிக்கொண்டு வந்தான், அதற்கும் திட்டு வாங்கினான். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் அமைக்கப்பட்டது 1991இல்; அந்தச் சொல் எங்கள் காதுக்கு எட்டியது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. அறியாமை ஒரு விளக்கமாகலாம், பரிகாரமாகாது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எந்த இடத்தில் இடறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தமிழ் ஒலிப்புமுறை ஒழுங்கானது, ஆங்கிலத்தைப் போல எழுத்தொன்றும் ஒலியொன்றுமாக இராது, ஆகவே எளிது என்று பலர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை என் பேரனின் ஏட்டில் பார்க்கலாம். ‘கொக்கு’ என்பதை அவன் ‘கெக்கு’ என்று எழுதுகிறான். ‘கொ’ என்னும் எழுத்தில் காதுக்கு முதலில் கேட்பது ககரம், கைக்கு முதலில் எழுத வேண்டியதோ ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், அதன்பின் துணைக்கால். பின்னால் ஒலிக்கும் உயிரொலி எழுத்தின் முன்னாலும் பின்னாலுமாகப் பிரிந்து நிற்கிறது. ஒலியின் வரிசையைப் பிடித்துக்கொண்டு எழுதும்படி ஆங்கில வகுப்பில் அவனுக்கு இப்போதுதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதே உத்தியைத் தமிழில் கையாண்டால் அவனுக்குத் தவறுதான் கிடைக்கிறது. உகரக் குறியோ கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் உருமாறுகிறது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று சுழிகளை எண்ணுவதற்குள் அடுத்த சொல் சொல்லப்பட்டுவிடுகிறது. ‘கண்’, ‘அங்கே’, ‘அகம்’ என்னும் மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, வீட்டில் பாட்டி ‘வாழப்பழம் சாப்பிட்டுட்டியா’ என்று கேட்கும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறொன்று.

இந்த இடறல்கள் எவை என்று தெரிந்தால் வழியும் தெரியும். கொம்பை நீல அட்டையிலும் மெய்யைச் சிவப்பு அட்டையிலும் காலை மீண்டும் நீல அட்டையிலும் எழுதிக்கொடுத்து, ‘இரண்டு நீலமும் சேர்ந்துதான் ஒகரம்’ என்று நகர்த்திக் காட்டியபோது என் பேரன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். மணலில் விரலால் எழுதவைக்கும் திண்ணைப் பள்ளி முறையைத் தட்டில் அரிசி பரப்பிச் செய்து பார்த்தோம். அதில் அவனுக்குத் தனி உற்சாகம் (அரிசியைக் கூட்டி அள்ளுவது யார் பொறுப்பு என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை). இவை என் கண்டுபிடிப்புகள் அல்ல. கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் இந்த முறை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. தமிழ் எழுத்தின் அமைப்புக்கு ஏற்ப அதை மாற்றியமைத்து, தமிழ் ஆசிரியரின் கையில் சேர்ப்பதுதான் நடக்கவில்லை.

இனி விலக்கைப் பற்றி. உளவியலாளரின் அறிக்கையோடு பள்ளி வழியாக விண்ணப்பித்து, அமைச்சு ஏற்றுக்கொண்டால், பிள்ளை தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. இன்னும் பேச்சே வராமல், நாள் முழுவதும் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளவே போராடும் பிள்ளையின் பெற்றோரிடம் தமிழ்ப்பற்றைப் பற்றி உபதேசம் செய்பவர்களை நான் மதிப்பதில்லை. என் கவலை, விலக்கு கடைசிப் படியாக இல்லாமல் முதல் படியாக ஆகிவருவது பற்றியது. கணக்கு கடினமாக இருக்கிறது என்றால் கூடுதல் உதவி தேடுகிறோம். தமிழ் கடினமாக இருக்கிறது என்றால் மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்கிறோம்.

மதிப்பெண்ணுக்காகத்தான் என்றால் அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், விலக்குப் பெற்ற மாணவருக்கு மற்ற மூன்று பாடங்களில் அவர் பெற்ற தேர்ச்சியை வைத்துத் தாய்மொழிக்கு அடைவுநிலை 6 முதல் 8 வரை ஒன்று வழங்கப்படுகிறது (1 மிகச் சிறந்தது, 8 மிகக் கீழானது). அதாவது, மிகச் சிறப்பாகச் செய்தாலும் கிடைப்பது 6. தேர்வு எழுதி அதே 6ஐப் பெறுவதற்கு நூற்றுக்கு 45 மதிப்பெண் போதும். தமிழ்மொழித் தேர்வின் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. நன்றாகப் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்த பிள்ளை அந்த 70இல் 55 வாங்கினால், 200க்கு 90 என்னும் அந்த அளவை எட்ட, எஞ்சிய 130இல் அதற்குத் தேவைப்படுவது 35தான். கூடுதல் நேரம், தனி அறை போன்ற தேர்வு ஏற்பாடுகளுக்கும் தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்க இடமுண்டு. வாய்மொழித் தேர்விலும் ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டியிருப்பதால், இக்கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்பதை அறிவேன். ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது பெற்றோருக்குப் போட்டுக்காட்ட வேண்டும். எங்களுக்கு யாரும் காட்டவில்லை. நானே ஒரு காகிதத்தில் போட்டு மகளிடம் கொடுத்தேன்.

மதிப்பெண்ணை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பிள்ளைக்குப் பேச்சு தாமதமானாலோ மதியிறுக்கம் என்று தெரியவந்தாலோ, ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும்’ என்ற அறிவுரை உறவினரிடமிருந்தும், சில சமயம் விவரம் தெரிந்தவர் என்று நாம் நம்புபவரிடமிருந்தும் வந்துவிடுகிறது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி கூடுதலாகத் தாமதப்படுவதில்லை என்றே இதுவரை வந்துள்ள ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்த ஒரு குடும்பம் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பகல் முழுவதும் பேத்தியோடு இருப்பவர் அவர்தான். ‘தமிழில் பேசாதீர்கள், குழந்தை குழம்பிவிடுவாள்’ என்று சொல்லிவிட்டதால், அந்த அம்மா இப்போது குழந்தையிடம் ‘கம்’, ‘ஈட்’, ‘நோ’ என்ற மூன்று சொற்களில்தான் பேசுகிறார். கதை சொல்வதை நிறுத்திவிட்டார். மொழியை அதிகமாகக் கேட்க வேண்டிய குழந்தை, நாளுக்கு மூன்று சொல் கேட்டு வளர்கிறது.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனை அறிக்கையை வகுப்பாசிரியரிடம் கொடுக்கும் பெற்றோர் பலர், தமிழாசிரியருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் புரியாமல் இல்லை. தமிழாசிரியர் சிராங்கூன் சாலையில் எதிர்ப்படுவார்; கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் பக்கத்தில் நிற்பார்; மாமியாரின் தங்கைக்குத் தெரிந்தவராகக்கூட இருப்பார். வெளியே தெரிந்தால் நாளை தங்கையின் கல்யாணப் பேச்சு வரை போகும் என்ற அச்சம். ‘இவனுடைய மாமாவும் சின்ன வயதில் இப்படித்தான், எல்லாம் சரியாகிவிடும்’ என்று மூடிவிடுகிறார்கள். ஆகவே பிள்ளையின் தாய்மொழியை அறிந்த ஒரே ஆசிரியர், அப்பிள்ளையைப் பற்றி எல்லாருக்கும் கடைசியாகத் தெரிந்துகொள்பவராக ஆகிறார். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பில் பெரும்பங்கு தமிழாசிரியர்களாகிய எங்களைச் சேர்ந்தது. ஆசிரியர் அறையில் பிள்ளைகளின் பெயர் சொல்லிச் சிரித்த நாள்கள் எங்களுக்கும் உண்டு.

கல்வி அமைச்சையும் பள்ளிகளையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய திட்டம் எதையும் அன்று. ஒரு பிள்ளைக்கு உதவித் திட்டம் வகுக்கும் கூட்டத்தில் தமிழாசிரியரும் உட்கார வேண்டும். வர இயலாவிட்டால், எது அப்பிள்ளையை அமைதிப்படுத்தும், எது கலங்கச் செய்யும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதியாவது அவரிடம் கொடுக்க வேண்டும். வகுப்பறையில் தரப்படும் படக் கால அட்டவணையின் இன்னொரு படி தமிழ் வகுப்பறையிலும் இருக்க வேண்டும். சொல்வதெழுதுதலில் பத்துச் சொல்லுக்குப் பதில் நான்கு சொல் கொடுப்பதற்கும், எழுத்தட்டைகளை அடுக்கிக் காட்டச் சொல்வதற்கும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்பதைத் துறைத்தலைவர்கள் வாய்விட்டுச் சொன்னால் போதும். இளம் ஆசிரியர்கள் பலர் செய்ய ஆயத்தமாகவே இருக்கிறார்கள், கேட்கத்தான் தயங்குகிறார்கள். தமிழில் வாசிப்பு இடர்ப்பாட்டைக் கண்டறிவதற்கும் குறைப்பதற்கும் உரிய பயிற்சியும் பாடக்கருவியும் மட்டும் அமைச்சின் துணையின்றி நடக்காத காரியம். நம் எண்ணிக்கை சிறியது, ஆகவே செலவு மிகுதி என்ற வாதம் எழலாம். எண்ணிக்கை சிறியது என்பதால்தான், ஓரிரு நல்ல கருவிகள் எல்லாப் பள்ளிகளுக்கும் போதும் என்று நான் எண்ணுகிறேன்.

என் மகள் விலக்கு விண்ணப்பத்தைத் தொடக்கநிலை 5 வரை தள்ளிவைத்திருக்கிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது அவளும் அவள் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. பேரனின் தமிழாசிரியை வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதுதலில் அவனுக்கு மட்டும் ஐந்து சொற்கள் தருவதற்கு இசைந்திருக்கிறார். சென்ற வாரம் ‘கொக்கு’ சரியாக வந்திருந்தது. ‘தேங்காய்’ ‘தேங்கய்’ ஆகியிருந்தது.

நான் செய்த கொம்பு, கால் அட்டைகள் 247 எழுத்துகளுக்கும் இருக்கின்றன. தமிழாசிரியரோ பெற்றோரோ யாரேனும் கேட்டால் படியெடுத்துத் தருகிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஈசூன்